சூரிய நாளில் சொன்னது

ஸ்கார்வோய்,
பிப்ரவரி 6

சிக்னே,

நீ என் வாயைத் திருடி உன் பெயரில் வைத்துக்கொண்டாய். இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அந்த இருமல் போயிற்றா? பெர்கனில் மழையில் நனைந்தே திரிகிறாய் என்று அம்மா புலம்புகிறாள். எனக்கு இடுப்புவலி, வழக்கமானதுதான். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

சூரியன் திரும்பி வந்த நாளன்று எங்கள் முதியோர் இல்லத்தில் நடந்ததை உனக்கு ஃபோனில் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். நடுவில் நீ, "அக்கா, அந்த வரிய இன்னொரு தரம் சொல்லு" என்றாய். என்மேல் உள்ள பாசத்தில் கேட்கிறாய் என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னேன்.

அந்த நாளில் ஓய்வறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு மலைக்கு மேலே ஒரு கீற்று தெரிகிறது. வேலையெல்லாம் நிற்கிறது, எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள், பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜாம் பன் தின்கிறார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. அந்த மேசையில்தான் நான் சொன்னேன்: "இருட்டுல பெரியவங்கள சாயங்காலம் அஞ்சரைக்கே படுக்க வச்சா ராத்திரின்னு நம்புறாங்க. வெளிச்சம் வந்தாச்சு. இனிமே என்ன சொல்லி ஏமாத்தப் போறோம்? நாம அவங்களத் தூங்க வைக்கல. கழுவின பாத்திரம் மாதிரி எடுத்து அடுக்கி வைக்கிறோம்."

யாரும் மெல்லவில்லை. பெந்தே பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளாவது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா, யோருன்?" என்றாள். எட்டு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெந்தே.

போன வாரம் அதே பெந்தே ஃபோனில் உன் இணையப் பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருடி உன் தங்கச்சிய. தைரியம்னா இதான். யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?" கழுவின பாத்திரம். அடுக்கி வைக்கிறோம். ஒரு சொல் மாறவில்லை. கீழே பெந்தேயின் இதயக்குறி.

"இதை நான்தானே சொன்னேன், இதே மேசையில?" என்றேன்.

"அது வேற. நீ எங்களச் சொன்ன."

இனி உனக்கு ஃபோனில் எதுவும் சொல்ல மாட்டேன், தட்டச்சு செய்தும் அனுப்ப மாட்டேன். சொல்ல வேண்டியிருந்தால் காகிதத்தில் எழுதுவேன். காகிதம் அவ்வளவு சீக்கிரம் ஊரைச் சுற்றாது.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

யோருன்


பெர்கன்,
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்தே எத்தனை வருஷமாயிற்று. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். இருமல் போய்விட்டது. உன் இடுப்புக்கு நீச்சல் நல்லது என்கிறார்கள், பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு இன்னும் நேரம் ஒதுக்குகிறார்கள்தானே?

நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. உன் பெயரைப் போடாதது உனக்காகத்தான். அந்தச் சின்ன ஊரில் உன் பெயரைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது பார், நாடு முழுவதும் பேசுகிறார்கள். ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஒரு செவிலி எழுதினாள், இருபது வருஷமாக நெஞ்சில் இருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று. ஒரு கிழவர் எனக்குப் பூ அனுப்பியிருந்தார். இதெல்லாம் உனக்கும் சேர்த்துத்தான், அக்கா.

பெந்தேயை விடு. அவளைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் வெளியே இருந்து வந்தால்தான் காதில் ஏறும்.

இன்னும் எழுது. காகிதத்திலேயே எழுது. இந்தப் போராட்டம் ஒரு பதிவோடு முடிந்துவிடக் கூடாது. அங்கே அன்றாடம் என்ன நடக்கிறது, அந்த மனிதர்கள் என்ன பேசுகிறார்கள், உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

என்றும் உன்
சிக்னே


ஸ்கார்வோய்,
மார்ச் 14

சிக்னே,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். நீச்சல் குளத்தைப் போன வருஷம் மூடிவிட்டார்கள், நகராட்சியில் பணம் இல்லையாம்.

உனக்கு எழுதக் கூடாது என்று மூன்று வாரம் இருந்தேன். ஆனால் இங்கே என்னோடு பேசுவதற்கு ஆள் இல்லை. பேசுவதில்லை என்றால் சண்டை என்று நினைத்துக்கொள்ளாதே. சண்டை போட்டால் பரவாயில்லை. காலையில் வணக்கம் சொல்கிறார்கள், காபி ஊற்றித் தருகிறார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள மட்டும் யாரும் வருவதில்லை. ஈஸ்டர் விடுமுறை முழுவதும் எனக்கு வேலை. நான் உள்ளே போனால் வானிலை பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

நான் செய்த முட்டாள்தனம் வேறொன்று இருக்கிறது. சூரிய நாளுக்கு அடுத்த வாரம் நான் ஓய்வறையில் திரும்பவும் கேட்டேன், கொஞ்சம் பணிவாகவே. மாலையில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் எட்டு மணி வரை அவர்களை உட்கார வைக்கலாம், போய்க் கேட்போமா என்று. மேசையைச் சுற்றி ஒவ்வொருத்தியும் மூச்சை உள்ளே இழுத்து "ஆமா" என்றாள். நம் ஊர் "ஆமா". பிறந்ததிலிருந்து கேட்கிறேன், அதற்கு அர்த்தம் 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு எனக்கு அது தேவைப்பட்டது. நான் எல்லாவற்றையும் சம்மதமாக எண்ணிக்கொண்டு நேரே மேலாளர் குன்வோரிடம் போய், "நாங்க எல்லாரும் கேக்குறோம்" என்றேன். குன்வோர் ஓய்வறைக்கு வந்து "எல்லாருமா?" என்று கேட்டாள். எல்லோரும் குவளையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு குன்வோர் என்ன செய்தாள் தெரியுமா? ஆள் போடவில்லை. எல்லா அறைக்கும் கறுப்புத் திரைச்சீலை வாங்கிப் போட்டாள். அதற்கு மட்டும் பணம் இருந்தது.

இப்போது ஐந்தரைக்கும் வெளியே வெளிச்சம் இருக்கிறது. நேற்று ஆஸ்மன் பெரியவரைப் படுக்க வைத்தேன். நாற்பது வருஷம் மீன்பிடிக் கப்பல் ஓட்டியவர், உனக்கும் நினைவிருக்கும். நான் திரைச்சீலையை இழுத்தேன். அவர் கையை நீட்டி அதை விலக்கிப் பார்த்தார். "கடல் இன்னும் வெளிச்சமா இருக்கு. என்னை எதுக்குடி பொண்ணே அதுக்குள்ள கரையில கட்டிப் போடுற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டுவதற்கு ஏதோ காரணம் இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோலக் கேட்டார். நான் திரைச்சீலையை மறுபடி இழுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

இது உன் இணையப் பக்கத்துக்காக எழுதியதில்லை. உனக்கு எழுதியது.

மே மாதம் இங்கே ஒரு முழுநேர வேலை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஒன்பது வருஷமாக நான் அறுபது சதவீத வேலையில் இருக்கிறேன். வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கியில் சிரிக்கிறார்கள். அந்த வேலைக்கு வரிசைப்படி நான்தான். அதனால் இனி கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

யோருன்


பெர்கன்,
மார்ச் 30

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், ஓஸ்லோவுக்கு ரயில் பிடிக்க வேண்டும். வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. உன் கடிதம் அற்புதம். அந்தப் பெரியவர் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார்.

இதோடு ஈஸ்டர் சாக்லேட் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் உறையில் இருப்பது அம்மாவுக்கு, சர்க்கரை இல்லாதது.

முத்தங்களுடன்
சிக்னே


ஸ்கார்வோய்,
ஏப்ரல் 18

சிக்னே,

அம்மாவுக்கு சாக்லேட் பிடித்திருந்தது. அவள் உடம்பு சுகம். என்னுடையதைப் பிரிக்கவில்லை.

காகிதம் ஊரைச் சுற்றாது என்று எழுதினேன் அல்லவா? காகிதத்தைப் படம் பிடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் அவ்வளவு பழைய ஆள்.

என் கடிதத்தின் ஒரு பத்தி, என் கையெழுத்திலேயே, உன் பக்கத்தில். பெயர் இல்லை. "வடக்கிலிருந்து ஒரு குரல்" என்று மேலே போட்டிருக்கிறாய். ஓரத்தில் மெழுகுவத்தி வேறு ஏற்றி வைத்திருக்கிறாய்.

எங்கள் இல்லத்துக் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. அதில் தினமும் காலையில் கிழமை, தேதி, மதியச் சாப்பாடு எல்லாம் எழுதி வைப்போம், அவர்களுக்கு மறந்துவிடும் என்பதற்காக. என் கையெழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கும் என்று ஒன்பது வருஷமாக அதை எழுதுவது நான். இந்த ஊரில் யாருக்காவது சொந்தக்காரர் ஒருவர் இல்லத்தில் இருந்தால் அவர்களுக்கு என் கையெழுத்து தெரியும். அதாவது எல்லோருக்கும். கப்பல் ஓட்டிய மனிதர் எங்களிடம் ஒருவர்தான் இருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்மனின் மகள் குன்வோரின் அறைக்கு வந்து அழுதாள். அப்பா இப்படிப் படுக்க வைக்கப்படுகிறார் என்பதற்காக அழவில்லை. நாடே அப்பாவைப் படுக்கையில் பார்த்துவிட்டது என்பதற்காக.

குன்வோர் என்னைக் கூப்பிட்டாள். உன் பக்கத்தை அச்சடித்து மேசையில் வைத்திருந்தாள். "இதுல எழுதியிருக்கிறது சரின்னே வச்சுக்குவோம். ஆனா உள்ளே இருக்கிறவங்க விஷயத்த வெளியே கொண்டு போனது நீ. அது வேற கணக்கு" என்றாள். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டாள். என் கோப்பில் அது இருக்கும்வரை எந்த நிரந்தர வேலைக்கும் என் பெயர் போகாது.

நான் இதைத் தங்கைக்குத்தான் எழுதினேன், வெளியே போடச் சொல்லவில்லை என்று சொன்னேன். "அதை அவ சொல்லட்டும்" என்றாள் குன்வோர். நியாயம்தான். ஆகவே நீ சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். குன்வோருக்கு உன் கையெழுத்தோடு ஒரு வரி: கடிதம் தனிப்பட்டது, அனுமதி இல்லாமல் நான்தான் வெளியிட்டேன். அந்தப் படத்தையும் நீக்கிவிடு. மே மாதம் முடிவதற்குள்.

நேற்றுப் பெந்தே சொன்னாள்: "உன் தங்கச்சி எழுதினா மனசு இளகுது. நீ எழுதினதுன்னு தெரிஞ்சதும் எரிச்சலா இருக்கு. ஏன்னு எனக்கே தெரியல." அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடனே பதில் போடு.

யோருன்


ஸ்கார்வோய்,
மே 9

சிக்னே,

நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தேவையில்லை, தொலைக்காட்சியில் பார்த்தேன். பச்சை நிறம் உனக்கு எடுப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் ஆகிறது. அம்மா உன் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கும்போதெல்லாம் உன் முகத்தைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்றேன். "அவளுக்கு எங்கடி நேரம் இருக்கு? ஊருக்காகப் பேசுறா" என்றாள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியரை எதிர்த்துப் பேசியதற்கு இதே அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குன்வோருக்கு ஒரு வரி. கேட்டது அவ்வளவுதான்.

யோருன்


பெர்கன்,
மே 19

அக்கா,

தேசிய நாள் நன்றாகப் போயிற்றா? அம்மாவால் ஊர்வலத்துக்குப் போக முடிந்ததா? எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன். காய்ச்சலைச் சாக்காகச் சொல்லவில்லை. உன் கடிதங்கள் இரண்டும் சமையல் மேசையில்தான் இருந்தன. தினமும் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

கடிதத்தின் படத்தை இப்போது நீக்கினால் பொய் என்று ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்கிறார்கள். உங்கள் நகராட்சியே அசைந்திருக்கிறது, அதை நினைத்துப் பார். மாலையில் இரண்டு பேர் கூடுதலாகப் போடப் போகிறார்களாமே. நீ கேட்டது அதுதானே? யார் சொல்லி நடந்தது என்பது அவ்வளவு முக்கியமா?

இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அப்படியே விடுகிறேன். எனக்கும் அது முக்கியம்தான்.

ஒன்று சொல்கிறேன், யாருக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை எங்கள் தலைவர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேலி செய்வார். அவள் பேசும் விதத்தை அப்படியே பேசிக் காட்டுவார். கிழக்கிலிருந்து வந்தவள், உச்சரிப்பு வேறு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அந்த மேசையில்தான் இருக்கிறேன். நாட்டில் எல்லோரும் வெளிப்படையானவள் என்று சொல்கிற நான். போன மாதம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து கேலியைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். எங்கள் தலைவரும் அதற்கு இதயம் போட்டார்.

நீ பன் மேசையில், அத்தனை பேர் முகத்துக்கும் நேரே, உன் பெயரில் சொன்னாய். என் தொண்டை அப்படித் திறந்ததே இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு உன்மேல் பொறாமை. நீ பேசினால் அறையில் ஏதோ நடக்கும். உனக்கு அடி விழும், ஆனால் ஏதோ நடக்கும்.

குன்வோருக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன். நிச்சயம்.

சிக்னே


ஸ்கார்வோய்,
ஜூன் 12

சிக்னே,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அம்மா ஊர்வலத்துக்குப் போனாள், சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நிறுத்தி உன்னைப் பற்றி விசாரித்தார்கள்.

குன்வோருக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மாலைக்கு இரண்டு புதிய இடம் வந்தது உண்மை. ஒன்று பாதிநேரம். இன்னொன்று முழுநேரம், நிரந்தரம். அது பெந்தேக்குப் போயிற்று. அவள் வந்து என்னிடம் சொன்னாள், ஒளிக்கவில்லை. "உனக்குத்தான் வந்திருக்கணும். ஆனா நான் வேண்டாம்னு சொன்னா உனக்கா கொடுக்கப் போறாங்க?" என்றாள். அவளும் எட்டு வருஷமாகப் பாதி வேலையில் இருந்தவள். இரண்டு பிள்ளைகள். நானும் மூச்சை உள்ளே இழுத்து "ஆமா" என்றேன்.

இப்போது ஆஸ்மன் பெரியவர் எட்டு மணி வரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படகுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பெந்தே காபியோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் விரும்பியது இதுதான். இதே காட்சிதான். அதை என்னால் பார்க்க முடியவில்லை, சிக்னே. கறுப்புத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டும்போல இருக்கிறது. பொறாமை உனக்கு என்று எழுதினாய். உன்னுடையது எந்த மாதிரி? என்னுடையது இந்த மாதிரி. நல்லது நடந்ததைப் பார்த்தே எரிகிறது.

உன் அலுவலகத்துப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணின் பெயர் என்ன? நீ எழுதவில்லை. நீ யாருடைய பெயரையும் எழுதுவதில்லை.

இன்னொரு விஷயம். கடையின் அறிவிப்புப் பலகையில் உன் படம். மத்திய கோடைத் திருவிழா அன்று நகராட்சி மண்டபத்தில் "வெளிப்படையாகப் பேசும் துணிவு" என்ற தலைப்பில் நீ பேசுகிறாயாம், அதற்குப் பிறகு கடற்கரையில் நெருப்பு மூட்டுகிறார்களாம். இதை நான் பால் வாங்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன். அன்று மண்டபத்தில் காபிக்கு இல்லத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள். அதில் ஒருத்தி நான். குன்வோர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். பட்டியலில் என் முறை.

யோருன்


பெர்கன்,
ஜூன் 18

அக்கா,

சுகம்தானே? நான் உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். இருபத்திரண்டாம் தேதி படகில் வருகிறேன். ஏற்பாட்டாளர்கள் விடுதியில் அறை போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம். குன்வோரிடம் நேரிலேயே சொல்லிவிடுகிறேன், அதுதான் சரி. எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவோம்.

சிக்னே


ஸ்கார்வோய்,
ஜூலை 1

சிக்னே,

பயணம் நல்லபடியாக முடிந்திருக்கும். நீ அம்மா வீட்டில் விட்டுப்போன சால்வையைத் தனியாக அனுப்புகிறேன்.

நீ நன்றாகப் பேசினாய். அதைச் சொல்லிவிடுகிறேன். கழுவின பாத்திரம் என்ற இடத்தில் நிறுத்தினாய் பார், நான் அப்படி நிறுத்தவில்லை. நான் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். நிறுத்தத் தெரிந்தவளுக்குத்தான் கைதட்டல். முன்வரிசையில் குன்வோர் தட்டினாள். பெந்தே எழுந்து நின்று தட்டினாள். ஓய்வறையில் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தட்டினார்கள். நான் கடைசிச் சுவரோரம் காபிப் பாத்திரத்தோடு நின்றேன். என் வார்த்தைகள் அந்த மண்டபத்தில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு ஆஸ்மன் பெரியவர் கையைத் தூக்கினார். சக்கர நாற்காலியில் நடுவில் இருந்தார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை, கப்பலில் கத்திய தொண்டை.

"யாரு பொண்ணே உனக்கு இதெல்லாம் சொன்னது? நீ என்னை வந்து பாத்ததே இல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு, "அவங்க பேரச் சொல்ல முடியாது, ஐயா. அவங்களக் காப்பாத்த வேண்டியது என் கடமை" என்றாய்.

சிக்னே, மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. குழந்தைகள்கூடப் பார்த்தார்கள். யாரிடமிருந்து காப்பாற்றுகிறாய்? அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடிக்க வேண்டிய வேலையை மட்டும் எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாய். நீ ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். இரண்டு சொல்: என் அக்கா. நான் காத்திருந்தேன். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்தவள் சொல்லட்டும் என்று நின்றேன்.

காபி வாங்க வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "அப்புறம் பேசுவோம்கா" என்றாய்.  குன்வோர் உன் பக்கத்திலேயே நின்றாள், இரண்டடி தூரம்கூட இல்லை. அவளிடம் வானிலையைப் பற்றிப் பேசினாய். காலைப் படகில் போய்விட்டாய்.

நீ மேடையில் பயப்படவில்லை. குன்வோரிடம் பயந்தாய். ஒரு மனுஷியிடம். முகத்துக்கு நேரே உன் தொண்டை திறக்காது என்று நீ மே மாதம் எழுதியபோது நான் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. எப்போது அனுப்புகிறாய்?

யோருன்


ஸ்கார்வோய்,
ஜனவரி 23

சிக்னே,

அம்மாவும் நானும் நலம். நீ நலமாக இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஏழு மாதமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. குன்வோர் ஓய்வு பெற்றுவிட்டாள், என் கோப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை. நான் இன்னும் அறுபது சதவீத வேலையில்தான்.

நேற்று சூரியன் திரும்பி வந்தது. ஜாம் பன் நான்தான் செய்துகொண்டு போனேன், ஒன்றும் மிஞ்சவில்லை. என்னோடு இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார்கள். பெந்தே மறுபடி என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், ஈடுன் என்று பெயர். இருபத்திரண்டு வயது. அவள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வார நாள்ல எட்டு மணி வரைக்கும் உக்கார வைக்கிறோம். சனி, ஞாயிறு மட்டும் ஏன் அஞ்சரைக்கே படுக்க வைக்கிறோம்? நகராட்சியில இருந்து யாரும் வந்து பாக்க மாட்டாங்கன்னா?"

உண்மை அது. செலவைக் குறைப்பதற்காக அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் படுக்க வைக்கிறேன். ஆஸ்மன் இப்போது எதுவும் கேட்பதில்லை.

யாரும் மெல்லவில்லை. ஈடுன் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றாள். என்னைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

நான் மூச்சை உள்ளே இழுத்து "ஆமா" என்றேன். இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டேன்.

அவள் பெயரை எழுதியிருக்கிறேன், என் பெயரும் கீழே இருக்கிறது. என் கையெழுத்துதான் ஊருக்கே தெரியுமே. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் பக்கத்தில் போடு. ஒரு வரியும் வெட்டாதே, மெழுகுவத்தி வைக்காதே. இந்த முறை யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று மேலே போடு.

போட்டதும் எனக்குச் சொல்.

உன் அக்கா
யோருன்